ஊருக்கு விளக்கு வைக்க நாலு வழி: எதில் பணத்தைப் போடலாம்?

ஒரு நகராட்சிக்கு விளக்குக்கென்று தனியாக ஒரு தொகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் அது எப்படிச் செலவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். நாற்சந்தியில் ஒரு ஹைமாஸ்ட், பாலத்துக்கு நிறம் மாறும் எல்இடி, ஏரிக்கரையில் ஊர்ப் பெயரோடு ஒரு செல்ஃபி பலகை. கொஞ்ச நாளில் பலகையில் ஓர் எழுத்து எரியாமல் போகும். அதைச் சரிசெய்ய உள்ளூரில் ஆள் இருக்காது, ஏனென்றால் செய்தவர் வேறு எங்கோ இருக்கிறார்.

நான் கேட்க நினைப்பது இதுதான்: அதே பணத்தை வைத்து, ஒளியைப் பற்றி யோசிக்கவும் அதைக் கையால் செய்யவும் தெரிந்த ஆட்களை ஒரு ஊர் வளர்க்க முடியுமா? முடியும். செய்து காட்டிய ஊர்கள் இருக்கின்றன. அவை போன வழிகளை நாலாகப் பிரிக்கலாம். ஊர் முழுக்க ஒளித் திட்டம் போடுவது, குறிப்பிட்ட நாட்களில் ஒளி விழா நடத்துவது, கலைஞர்களிடம் படைப்புகளைச் செய்து வாங்கி ஊருக்குச் சொந்தமாக்குவது, ஏற்கெனவே விளக்குத் தொழில் தெரிந்த பட்டறைகளை நம்புவது. விளக்கு எரிந்து அணைந்த பிறகு அந்த ஊரில் யார் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதை அளவுகோலாக வைத்துத்தான் நான் இவற்றைப் பார்க்கிறேன். சுற்றுலா வருமானம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை மட்டும் பார்த்தால் நாலு வழியும் ஒரே மாதிரி தெரியும்.

திட்டம்: லியோனும் கெண்டும்

ஒளி என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் ஊர் பிரான்சின் லியோன். அதன் கதை 1852இல் தொடங்குகிறது. ஃபூர்வியேர் குன்றின் மேல் மரியன்னை சிலையைச் செப்டம்பரில் திறப்பதாக இருந்தது. சோன் ஆற்றில் வெள்ளம் வந்ததால் டிசம்பர் 8க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் புயல் மிரட்டியது. வானம் தெளிந்ததும் யாரும் சொல்லாமலே மக்கள் தங்கள் வீட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுவர்த்தி, ஜன்னல் விளிம்பில் வரிசையாக. இன்றைக்கும் டிசம்பர் 8 அன்று அந்தப் பழக்கம் தொடர்கிறது. கார்த்திகைக்கு வாசலில் அகல் வைக்கிற நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் லியோனை வேறு ஊராக்கியது 1989இல் நகர நிர்வாகம் போட்ட ஒளித் திட்டம். அதுவரை தெருவிளக்கு என்பது பொறியாளர் வேலை: கம்பத்துக்குக் கம்பம் இத்தனை மீட்டர், இத்தனை வாட், முடிந்தது. லியோன் அதை நகர வடிவமைப்பின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டது. எந்தக் கட்டடம் தெரிய வேண்டும், எது இருட்டிலேயே இருக்கலாம், ஆற்றின் இந்தக் கரையில் நிற்கிறவருக்கு அந்தக் கரை எப்படித் தெரிய வேண்டும் என்றெல்லாம் உட்கார்ந்து யோசித்தார்கள். முதலில் நினைவுச் சின்னங்கள், பாலங்கள் என்று இருந்தது, 2004இல் வந்த புதிய திட்டத்தில் குடியிருப்புப் பகுதிகளுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் நகர்ந்தது. 2002இல், நகர ஒளியைப் பற்றிப் பேசிக்கொள்ளும் நகரங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று லியோனை மையமாக வைத்தே தொடங்கியது.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரம் 1998இல் தன் ஒளித் திட்டத்தைப் போட்டபோது அதற்கு அழைத்து வந்தது ரோலான் ஜெயோல் என்ற பிரெஞ்சு ஒளி வடிவமைப்பாளரை. ஒரு நாடு இந்தத் துறையில் ஆட்களை வளர்த்தால் அடுத்த நாடு அவர்களைக் கூப்பிடும். கெண்டில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். வெளிச்சம் கண்ணைக் குத்தாது, விளக்கு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும், சுவர் மட்டும் மெல்லத் தெரியும். நினைவுச் சின்னங்களின் அலங்கார ஒளி நள்ளிரவோடு நிறுத்தப்படும்.

அங்கே கோட்டைக்கு எதிரே சிந்த் வேர்லெப்ளைன் என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் பொதுமக்கள் முன்னால் மரண தண்டனை நிறைவேற்றிய இடம். இத்தாலியக் கலைஞர் ஆல்பெர்த்தோ கருத்தி அந்தச் சதுக்கத்தின் தெருவிளக்குகளை நகரத்தின் மகப்பேறு வார்டுகளோடு இணைத்தார். குழந்தை பிறந்ததும் பெற்றோர் அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால், சதுக்கத்து விளக்குகள் மெதுவாகப் பிரகாசம் கூடி மறுபடி பழைய நிலைக்கு வரும். புதிதாக ஒரு விளக்குக் கம்பம்கூட நடத் தேவையில்லாத வேலை. அங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு, இந்த நிமிடம் ஊரில் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெரிகிறது. ஒளியை வைத்து யோசிப்பது என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்டால் நான் சொல்லும் முதல் உதாரணம் இதுதான்.

சரி, திட்டத்தின் குறை என்ன? வருடக்கணக்கில் நேரம் எடுக்கும். ரிப்பன் வெட்ட ஒரு நாள் கிடைக்காது. நிர்வாகம் மாறினால் கோப்பு அலமாரிக்குப் போய்விடும். அப்புறம், படைப்பூக்கத்தை வளர்ப்பது என்ற கோணத்தில் பார்த்தால், திட்டம் போடுகிற சிறு குழுதான் அதிகம் கற்றுக்கொள்கிறது. கல்லூரி மாணவருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ அதில் நேரடியாகக் கை வைக்க இடம் குறைவு.

விழா: வாங்குவது ஒன்று, செய்வது வேறு

ஒளி விழாக்கள் இன்று உலகம் முழுக்க நடக்கின்றன. லியோன் விழா இன்றைய வடிவத்துக்கு வந்தது 1999இல். டிசம்பர் 8ஐ ஒட்டி நாலு நாள், 20 லட்சம் பேர் அளவுக்குக் கூட்டம். சிட்னியின் விவிட் 2009இல் தொடங்கியது, முதல் வருடம் ஓபரா ஹவுஸின் கூரை மேல் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ ஒளி ஓவியங்களைப் படரவிட்டார். சிங்கப்பூரின் மெரினா பேயில் 2010இலிருந்து நடக்கிறது.

இந்த விழாக்களைப் பார்த்துவிட்டு வரும் அதிகாரிகள் செய்கிற முதல் காரியம், அதே படைப்புகளைத் தங்கள் ஊருக்கு வரவழைக்க விலை கேட்பது. ஒளிப் படைப்புகளுக்கு இன்று ஒரு வாடகைச் சந்தையே இருக்கிறது. பெரிய நிலா உருண்டை, ஒளிரும் முயல், நடந்தால் நிறம் மாறும் தரை, எல்லாம் கன்டெய்னரில் வந்து இறங்கும், பத்து நாள் நிற்கும், அடுத்த ஊருக்குப் போகும். மக்கள் சந்தோஷப்படுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்தச் சந்தோஷத்துக்கு மதிப்பும் உண்டு. ஆனால் அந்த ஊரில் ஒருவர்கூட ஸ்க்ரூ டிரைவர் பிடித்திருக்க மாட்டார்.

செய்கிற விழா வேறு. இங்கிலாந்தின் டர்ஹம் சின்ன ஊர், பெரிய தேவாலயமும் ஒரு பல்கலைக்கழகமும் தவிர அதிகம் இல்லை. அங்கே ஆர்டிசோக் என்ற அமைப்பு 2009இலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லூமியேர் என்ற விழாவை நடத்தியது. அதில் பிரில்லியன்ட் என்று ஒரு பிரிவு. இதற்கு முன் ஒளியில் எதுவும் செய்யாதவரும் தன் யோசனையை அனுப்பலாம். தேர்வானால் அதைச் செய்து முடிக்கப் பணமும் தொழில்நுட்ப ஆட்களும் கொடுப்பார்கள். யோசனை ஒருவருடையது, வயரிங் தெரிந்த கை இன்னொருவருடையது. இரண்டு பேரும் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது ஒருவர் தொழிலை இன்னொருவர் கற்றுக்கொள்கிறார். பெரிய பெயர்களைக் கூப்பிட்ட செலவை விட இந்தப் பிரிவுக்குப் போன செலவுதான் நல்ல செலவு என்பது என் கணக்கு.

நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு வேறு வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலைகள், 1891இல் பிலிப்ஸ் பல்பு தொழிற்சாலை. அதனாலேயே அதற்கு ஒளி நகரம் என்று பெயர். 1990களில் பிலிப்ஸ் தன் தலைமை அலுவலகத்தை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்ற முடிவு செய்தது, தொழிற்சாலைக் கட்டடங்கள் காலியாயின. அந்த ஊர் அவற்றை இடிக்காமல் வடிவமைப்பாளர்களுக்குக் கொடுத்தது. வெள்ளைச் சீமாட்டி என்று ஊரார் அழைக்கும் பழைய பிலிப்ஸ் கட்டடத்தில்தான் இன்று அவர்களுடைய வடிவமைப்புக் கல்லூரி நடக்கிறது. 2006இலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் க்ளோ என்ற ஒளி விழா. கட்டணம் இல்லை, ஊருக்குள் ஒரு வழித்தடம், நடந்துகொண்டே பார்க்க வேண்டும். உள்ளூர்க் கல்லூரி மாணவர்களின் படைப்புகள் தொழில்முறைக் கலைஞர்களின் படைப்புகளோடு ஒரே தடத்தில் நிற்கும். வகுப்பில் மதிப்பெண்ணுக்குச் செய்த மாதிரி வேறு, மழையில் நனைந்து, குழந்தைகள் இழுத்துப் பார்த்து, ஒரு வாரம் தாக்குப்பிடிக்க வேண்டிய படைப்பு வேறு. இரண்டாவதைச் செய்த மாணவருக்குத் தண்ணீர் புகாத இணைப்பு எப்படிப் போடுவது என்பது வாழ்நாள் முழுக்க மறக்காது.

ஐந்தோவன் பக்கத்திலிருக்கும் நூனென் கிராமத்தில் ஓவியர் வான்கோ இரண்டு வருடம் இருந்தார். அந்த வழியில் 2014இல் டான் ரோஸ்கார்டே என்ற வடிவமைப்பாளர் ஒரு சைக்கிள் பாதை போட்டார். தரையில் பதித்த சின்னச் சின்னத் துண்டுகள் பகலில் ஒளியைச் சேர்த்து வைத்துக்கொண்டு இரவில் சுழல் சுழலாக மினுங்கும், வான்கோ வரைந்த நட்சத்திர வானம் தரையில் கிடப்பதுபோல. சாலை போடுகிற கட்டுமான நிறுவனமும் கலைஞரும் சேர்ந்து செய்த வேலை அது. விளக்குக் கம்பம் இல்லாத பாதையில் கண்ணுக்குப் போதுமான வழி தெரிகிறது. விழா முடிந்தும் ஊரில் நிற்கும் வேலைக்கு இது நல்ல உதாரணம்.

விழாவின் ஆபத்துகள் தெரிந்ததுதான்: நெரிசல், பாதுகாப்பு, வானிலை. பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு 2015இல் லியோன் தன் விழாவையே ரத்து செய்தது. மக்கள் அந்த வருடம் ஜன்னல் மெழுகுவர்த்திகளை மட்டும் ஏற்றினார்கள்.

படைப்புகளைச் சொந்தமாக்குவது: டூரின்

இத்தாலியின் டூரின் 1998இல் வேறு ஒன்றைத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்குத் தெருவில் தொங்கவிடும் வழக்கமான அலங்காரத்துக்குப் பதில், கலைஞர்களிடம் ஒளிப் படைப்புகள் செய்து வாங்குவது. அவை ஊரின் சொத்து, அருங்காட்சியகத்தில் ஓவியம் இருப்பது மாதிரி. ஒவ்வொரு குளிர்காலமும் எடுத்துக் கட்டுவார்கள். மரியோ மெர்ஸ் ஊரின் அடையாளமான உயரக் கோபுரத்தின் கவிகையில் ஃபிபொனாச்சி எண்களை, அதாவது முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் எண் வரிசையை, சிவப்பு நியானில் ஏற வைத்தார். ரெபெக்கா ஹார்ன் குன்றின் மேலிருக்கும் தேவாலயத்துக்கு மேலே நீல வளையங்களை மிதக்கவிட்டார். நகர மன்றத்துக்கு முன்னாலிருக்கும் சதுக்கத்தில் டானியேல் ப்யூரெனின் கனசதுர விளக்குகள் கம்பியில் விரிப்பாகத் தொங்குகின்றன.

இதில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நம் அளவுகோலில் இது கீழேதான் வரும். பெயர்பெற்ற சிலருக்கு வேலை, பார்க்கிறவர்களுக்கு நல்ல ரசனை, அதற்கு மேல் உள்ளூர்க் கைகளுக்கு அதிகம் போவதில்லை. பெரிய அருங்காட்சியக மரபும் சேகரிக்கும் பழக்கமும் உள்ள ஊருக்குச் சரி. நம் பக்கத்து நகராட்சி இதில் இறங்கினால் மூன்றாவது வருடம் பராமரிப்புக்குப் பணம் இருக்காது.

பட்டறை: சந்தன்நகரும் வெசாக் பந்தலும்

இந்த வழிக்கு ஐரோப்பா போக வேண்டியதில்லை. கொல்கத்தாவுக்குக் கொஞ்சம் வடக்கே, ஹூக்ளி ஆற்றின் கரையில் சந்தன்நகர். 1950 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர், நம் புதுச்சேரிக்குப் பங்காளி. துர்கையின் ஒரு வடிவமான ஜகத்தாத்ரியின் பூஜைக்கு அங்கே நடக்கும் ஒளி ஊர்வலம் வங்காளம் முழுக்கப் பேர்போனது. ஸ்ரீதர் தாஸ் போன்றவர்கள் சின்ன பல்புகளை வைத்து அசையும் உருவங்களைச் செய்து இந்தத் தொழிலை வளர்த்தார்கள். பறக்கும் பறவை, ஓடும் ரயில், விண்வெளிக் கலம், அந்த வருடம் செய்தியில் அடிபட்ட விஷயம், எல்லாம் விளக்கில் வரும். கொல்கத்தாவின் துர்கா பூஜைப் பந்தல்களுக்கு விளக்கு கட்டப் போவதும் பெரும்பாலும் இந்த ஊர் ஆட்கள்தான். திட்டமோ ஆலோசகரோ கல்லூரியோ இல்லாமல் ஓர் ஊர் ஒளித் தொழிலில் தேறியிருக்கிறது.

புத்தர் பிறந்த நாளைக் கொண்டாடும் இலங்கையின் வெசாக் பண்டிகைப் பந்தலையும் இங்கே சேர்க்க வேண்டும். கொழும்பில் பல மாடி உயரத்துக்கு மரச்சட்டம் கட்டி, புத்தரின் முற்பிறவிக் கதை ஒன்றைப் பலகை பலகையாக வரைந்து மாட்டி, சுற்றிலும் ஆயிரக்கணக்கான கலர் பல்புகள். கதை சொல்லச் சொல்ல அந்தந்தப் பலகைக்கு ஒளி வரும், சுற்றி வளையம் வளையமாக விளக்குகள் ஓடும். இந்த ஓட்டத்தை எப்படிச் செய்தார்கள் என்று பந்தலுக்குப் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மர உருளை. அதன் மேல் பித்தளை, செம்புத் தகடுகளை வெட்டி ஆணி அடித்திருப்பார்கள். மோட்டார் உருளையைச் சுற்றும். எதிரே வரிசையாக நிற்கும் தொடுகம்பிகள் தகட்டின் மேல் உரசும்போது அந்த வரிசை பல்பு எரியும், மரத்தின் மேல் வந்ததும் அணையும். தகட்டைச் சாய்வாக வெட்டினால் விளக்கு ஓடும், விட்டு விட்டு வெட்டினால் சிமிட்டும். ஒரு நொடியை எத்தனையாகப் பிரிப்பது, எந்த நிறம் எந்த நிறத்துக்குப் பின்னால் வந்தால் ஓடுவதாகத் தெரியும் என்பதெல்லாம் தகடு வெட்டுகிறவர் தலையில் இருக்கும். இது நிரல் எழுதுவதுதான், தகரக் கத்தரியால். நம் கோயில் திருவிழாக்களில் சீரியல் விளக்கில் சாமி உருவம் கட்டுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்து வந்தார்கள். இப்போது உருளையின் இடத்துக்கு எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் பெட்டி வந்துவிட்டது, உள்ளே ஏற்கெனவே பதிந்த ஓட்டங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

பட்டறை வழியின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. கை இருக்கிறது, புது யோசனைக்கு நேரமும் பணமும் இல்லை. விலையைக் குறைக்கச் சொல்கிற விழாக் குழுக்கள் மலிவான ஆயத்த எல்இடியை நோக்கித் தள்ளுகின்றன. வடிவமைப்புக் கல்லூரி மாணவருக்கு இந்தப் பட்டறை இருப்பதே தெரியாது, பட்டறைக்காரருக்கு அந்தக் கல்லூரி வாசல் தெரியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் விட முடியாத ஒன்று

வெளிச்சம் அதிகமானால் அது நல்ல ஒளி ஆகிவிடாது. 2016இல் வெளியான செயற்கை இரவொளி உலக வரைபடத்தின்படி, மனிதர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதி தெரிவதில்லை. அதே வருடம் அமெரிக்க மருத்துவர் சங்கம் வெளி விளக்குகளை, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில், 3000க்குள் வைக்கச் சொன்னது. கெல்வின் எண் ஏற ஏற வெள்ளை நீலமாகும், கண்ணைக் கூசும், தூக்கத்தையும் பூச்சிகளையும் பறவைகளையும் கெடுக்கும். பிரான்ஸ் 2018 இறுதியில் ஒளி மாசுக்கு எதிராக விதிகளை இறுக்கியது. ஒளியைக் கொண்டாடும் லியோனும் அந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது. நம் ஊர்களில் 6500 கெல்வின் விளக்கைக் குடியிருப்புத் தெருவில் போடுகிறார்கள், படுக்கையறைத் திரைச்சீலையைத் தாண்டி அடிக்கிறது. இதை மாற்ற எந்தக் கலைஞரும் தேவையில்லை, டெண்டரில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

அப்படியானால் எது?

பெரிய மாநகராட்சி என்றால், கட்டாயம் திட்டத்தில் தொடங்க வேண்டும். அடிப்படைத் தெருவெளிச்சம் சரியில்லாத, நடைபாதை இருட்டாகவும் விளம்பரப் பலகை பகலாகவும் இருக்கிற ஊரில் விழாவுக்குச் செலவழிப்பது நியாயமில்லை. பணம் குறைவு என்றால் திட்டத்தைக் காகிதத்திலாவது போடலாம். கட்டடக்கலை மாணவர்கள், பஸ் ஸ்டாண்டில் வேலை முடிந்து நடந்து போகிற பெண்கள், ரோந்து போகிற போலீஸ், மின்வாரிய லைன்மேன், இவர்களோடு சேர்ந்து இரவில் வார்டு வார்டாக நடந்து, எங்கே கூசுகிறது, எங்கே பயமாக இருக்கிறது, எது அழகாக இருந்தும் தெரியாமல் கிடக்கிறது என்று வரைபடத்தில் குறித்தாலே பாதி வேலை முடிந்தது.

நடுத்தர ஊர், அதுவும் கல்லூரிகள் உள்ள ஊர் என்றால், நான் விழாவையும் பட்டறையையும் சேர்த்து எடுப்பேன். அதாவது ஐந்தோவன், டர்ஹம் முறையில் செய்கிற விழா, அதைச் செய்யும் கைகள் உள்ளூர் சீரியல் செட் பட்டறைகளிலிருந்து. காஞ்சிபுரம், கும்பகோணம் மாதிரி ஊரில் இது நடக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். தேரும் தெப்பமும் பார்த்துப் பழகிய ஊர்களுக்கு, கூட்டம் நடந்துகொண்டே எப்படிப் பார்க்கும் என்று யாரும் கற்றுத்தர வேண்டாம். கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரியே இருக்கிறது.

டூரின் முறையை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். வாடகை விழாவை ஒரு முறை செய்து பார்ப்பதில்கூட எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் ஒரு முறை பெரிய நிலா உருண்டையைப் பார்த்த கவுன்சிலர் அடுத்த வருடம் அதைவிடப் பெரியது கேட்பார், மாணவர் செய்த நாலு மூங்கில் விளக்கு அவர் கண்ணுக்குத் தெரியாது.

நடைமுறைக்கு வந்தால், டெண்டரில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்வேன். ஒவ்வொரு படைப்பிலும் ஒரு மாணவரும் ஒரு உள்ளூர்ப் பட்டறையும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும், இருவருக்கும் ஊதியம் தனித்தனியாக, பட்டறைக்குப் பாதி முன்பணம். தேர்வுக்கும் திறப்புக்கும் நடுவில் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், கடைசி மாதத்தில் அவசரமாகச் செய்தால் எல்லோரும் ஆயத்தப் பெட்டியைத்தான் வாங்குவார்கள். விழா முடிந்ததும் படைப்புகளில் சிலவற்றையாவது பள்ளிகளிலோ பேருந்து நிலையத்திலோ நிரந்தரமாக வைத்து, செய்தவர்களுக்கே பராமரிப்பு ஒப்பந்தம் கொடுக்க வேண்டும். முதல் வருடம் பத்துப் படைப்புகள் போதும், அதில் நாலு சொதப்பினாலும் பரவாயில்லை. கார்த்திகையை ஒட்டி வைத்தால் மழை வரும் என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான், அதனால் தை மாதம் பொங்கல் முடிந்த வாரத்தில் வைக்கலாம், ஆனிக்குள் தேர்வை முடித்துவிட்டால் நேரம் சரியாக இருக்கும்.